எண்ணெய்க் குப்பிக்குப் பிணையாள்

புனித எர்மோல் துணை

மோர்வால் நகருக்கு அக்கரை, புனித எர்மோல் மடம், பூசை உடுப்பு அறை.
சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு, மதியக் கஞ்சிக்குப் பிறகு.

என் மதிப்புக்கும் கொஞ்சம் அச்சத்துக்கும் உரிய அத்தான் திபோ அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மைத்துனன் கோத்தியே தொப்பி கழற்றி, தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் உயிரோடு இருக்கிறேன். அவ்விடம் தாங்களும், அக்கா பெரினும், தங்கள் பன்றிகளும், புதிதாக வெட்டிய வாத்துக் குளமும் சுகமாயிருக்கச் சர்வேசுரனை மன்றாடுகிறேன். தங்கள் இடது முழங்கால் இந்தப் பனியில் எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள வேண்டும். இங்கே மேசை கிடையாது. அறை மூலையில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு மரப்பெட்டியை மடியில் வைத்து அதன்மேல் தாளைப் போட்டு எழுதுகிறேன். உள்ளே என்ன இருக்கிறதோ, பூண்டும் வாத்துக் கொழுப்பும் கடுகுமாகச் சேர்ந்து நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. ஆனாலும் உயரம் சரியாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை என் மகள் இசபோவுக்குக் கல்யாணம். நான் இன்னும் இங்கே இருக்கிறேன். ஒன்றரை நாள் வழி. இன்று பொழுது சாய்வதற்குள் புறப்படாவிட்டால் வந்து சேர முடியாது. புறப்பட முடியும் என்று தோன்றவில்லை. இதைத் தாங்கள்தான் சம்பந்தியிடம் சொல்ல வேண்டும். அக்காவிடமும் தாங்கள்தான் சொல்ல வேண்டும். முதலில் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். அதைத் தாண்டிவிட்டால் சம்பந்தி ஒன்றும் பெரிதாகத் தெரிய மாட்டார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதற்கெல்லாம் மூலகாரணம் தாங்கள்தான். போன அறுவடை சமயம் சம்பந்தி ஆன்சோ நம் வீட்டுக் கணப்படுப்புப் பக்கம் உட்கார்ந்து, என் மதுவையே குடித்துக்கொண்டு, "பொண்ணு தங்கமான பொண்ணுதான், அதுல குறையில்ல. ஆனா குடும்பத்துல சொல்லிக்க ஒரு பெருமை வேணாமா? எங்க பெரியப்பா ராஜாவோட குதிரைக்குத் தண்ணி காட்டினவரு. உங்க பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டாரே, ஞாபகமிருக்கிறதா? நம் பக்கம் இருந்தது என் கொள்ளுத்தாத்தா ஒருவர்தான். அவரும் சண்டை தொடங்கும் முன்பே குதிரையிலிருந்து விழுந்தவர். நான் வாயைத் திறக்கும் முன் தாங்கள் குதித்தீர்கள். "புது ராஜாவுக்குப் பட்டம் கட்டப் போறாங்க. தூய எண்ணெய்க்கு நாலு பிணையாள் வேணும். நம்ம கோத்தியேவுக்கு ஒரு இடம் வாங்கித் தர்றேன்" என்றீர்கள். சம்பந்தி கிண்ணத்தைக் கீழே வைத்தார். எழுந்து நின்று என்னைக் கட்டிப் பிடித்தார். அன்றே பேச்சு முடிந்தது. அவர் போனதும் நான் பயந்துபோய்க் கேட்டதற்கு, "ஒரு நாள் வேலைடா. காலையில உக்காந்தா சாயங்காலம் எந்திரிச்சிடலாம்" என்றீர்கள். அத்தான், இன்றோடு நாலு நாள். உட்கார்ந்தே இருக்கிறேன்.

வழக்கம் தாங்கள் அறிந்ததே. வானத்திலிருந்து புறா கொண்டுவந்த எண்ணெய் இந்த மடத்துச் சொத்து. அது மேலே படாதவன் எத்தனை கிரீடம் வைத்தாலும் ராஜா இல்லை. பட்டம் கட்டுகிற அன்று மட்டும் மடாதிபதி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெள்ளைக் குதிரையில், நாலு துறவிகள் தூக்கிப் பிடிக்கிற பட்டு விதானத்தின் கீழே, ஆற்றுப் பாலம் தாண்டிப் பேராலயத்துக்குப் போவார். அது திரும்பி வந்து மடத்துப் பீடத்தில் ஏறி, கோயில் மணி அடிக்கும்வரை நாங்கள் நாலு பேர் பிணை. குப்பி வராவிட்டால் எங்கள் தலை போகும். கேட்கும்போது எவ்வளவு பெருமையாக இருக்கிறது! நானும் வருகிற வழியெல்லாம் சத்திரம் சத்திரமாக இறங்கி இதைச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன்.

வியாழக்கிழமை காலையில் மடாதிபதி எவ்ரார் எங்களை அழைத்துக் குப்பியைக் காட்டினார். கட்டைவிரல் அளவு பளிங்குக் குப்பி, தங்க மூடி, மூடிமேல் ஒரு குட்டிப் புறா, புறாவின் இடது சிறகில் ஒரு சின்ன உடைசல். "நல்லாப் பாத்துக்கங்க. இதுக்குத்தான் உங்க தலை" என்றார். பார்த்தோம், சத்தியம் செய்தோம். பிறகு அவர் உடுப்பு மாற்றிக்கொள்ள இந்த அறைக்குள் போனார். எங்களை வெளியே நிற்க வைத்தார்கள். அவருக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன, குதிரை ஏறுவதென்றாலே நடுங்குகிறவர். உள்ளே "அம்மாடி, அப்பாடி" என்று முனகல் கேட்டது. வெளியே ராஜாவின் ஆட்கள் "சீக்கிரம் சாமி, சீக்கிரம்!" என்று கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பட்டுப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார், மூன்று பேர் தூக்கிக் குதிரைமேல் வைத்தார்கள், போனார்கள். அதோடு எங்களை இந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். விருந்தினர் கூடம் முழுக்கப் பிரபுக்களின் நாய்கள் தங்கியிருக்கின்றனவாம்.

என்கூட இருக்கிற மூன்று பேரில் இருவர் பகடை ஆடுகிறார்கள், பேசுவதில்லை. மூன்றாமவன் லாம்பேர் பேசுவதை நிறுத்துவதில்லை. பிணை என்பது ஏதோ இரத்தத்தில் எழுதிய சத்தியம் மாதிரி, சன்னல் பக்கம் நான் போனாலே "எங்க போறீங்க?" என்கிறான். அவன் அப்பா, தாத்தா எல்லோரும் பிணையாள்களாம். பிறந்ததிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தானாம்.

பட்டம் கட்டின வைபவத்தை நான் பார்க்கவில்லை. ராஜாவுக்கே உயிர்ப்பிணையாக உட்கார்ந்தவனுக்கு ராஜாவைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. விதானக் கம்பு பிடித்துப் போன சகோதரர் ஒடோ, மடத்துச் சமையல்காரர், நல்ல மனிதர், வந்து சொன்னார். "ஆயருங்க எல்லாம் சேந்து ராஜா படுத்திருக்கிற அறைக் கதவைத் தட்டினாங்க. உள்ளேருந்து, 'என்ன வேணும்?' 'ராஜா வேணும்.' 'ராஜா தூங்கறாரு.' இப்படி மூணு தரம் சொல்லணுமில்ல? சொல்லிட்டு, கதவைத் தொறந்தா, நெசமாவே தூங்கறான் பிள்ளை! பதினேழு வயசு. வாயைத் தொறந்துக்கிட்டு, குறட்டை விட்டுக்கிட்டு. ஆயர் கையைப் பிடிச்சு இழுத்தா, 'அம்மா, இன்னும் கொஞ்ச நேரம்'ங்கிறான்."

அப்புறம் பேராலயத்தில் எண்ணெய் பூசினதைச் சொன்னார். நெஞ்சு, முதுகு, தோள், முழங்கை என்று திறப்பு வைத்துத் தைத்த சட்டை. ஒவ்வொரு திறப்பையும் அவிழ்த்து, தங்க ஊசியால் துளித் துளியாக எடுத்து, தலையிலிருந்து உள்ளங்கை வரை ஒன்பது இடத்தில் பூச வேண்டும். பேராயருக்கு ஆறு வருஷமாகக் கண் மங்கல். ராஜா என்று நினைத்து முதலில் ஒரு தூணைப் பார்த்து முழங்கால் போடச் சொன்னாராம். பையிலிருந்து குப்பியை எடுத்துப் பூசினாரோ இல்லையோ, கோயில் முழுக்க ஒரு மணம். "மணம்னா எப்படி?" என்றேன். ஒடோ மூக்கைச் சொறிந்துகொண்டு, "தேவலோக மணம். கொஞ்சம் காரமா இருந்துச்சு. முன் வரிசையில பிரபுங்கல்லாம் தும்மினாங்க. அருள் இறங்கிருச்சுன்னு ஜனங்க அழுதாங்க" என்றார். நெஞ்சில் பூசும்போது ராஜா "எரியுது!" என்று துள்ளினானாம். பேராயர், "பரிசுத்த ஆவி, மகனே. தாங்கிக்க" என்றாராம். "ஐயோ நெசமா எரியுது!" என்று கத்த, ஊரே முழங்கால் போட்டு, "ராஜா வாழ்க!" என்றதாம். ராஜாவின் சித்தப்பா ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். பட்டம் தனக்கு வர வேண்டியது என்கிறவர். சடங்கில் ஒரு சிறு பிழை கிடைத்தால் போதும் என்று ஊருக்கு வெளியே முன்னூறு குதிரைவீரர்களை நிறுத்தி வைத்திருக்கிறார். பிழை ஒன்றும் கிடைக்கவில்லை, முழங்கால் போட்டுவிட்டார்.

அப்புறம் புது ராஜா நோயாளிகளைத் தொட்டார். கழுத்துக் கட்டிக்கு ராஜாவின் கை மருந்து என்பது ஊரறிந்தது. இருநூறு பேர் வரிசை. கழுத்துக் கட்டி ஒருத்தருக்கும் கரையவில்லையாம், அதற்கு நாளாகும் என்கிறார்கள். ஆனால் துணி வெளுக்கிற மத்தில் என்கிற அம்மாள் படியில் தடுக்கி விழ, ராஜா முழங்காலைப் பிடித்துத் தூக்கிவிட, பதினோரு வருஷத்து முழங்கால் வலி அங்கேயே போய்விட்டதாம். கழுத்துக் கட்டியோடு குதித்துக் குதித்து வீட்டுக்குப் போனாளாம். இப்படி ஒரு அற்புதம் எந்த ராஜா காலத்திலும் நடந்ததில்லை என்று ஊர் பேசுகிறது. தங்கள் முழங்கால் எனக்கு ஞாபகம் வந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அத்தான். மத்தியானம் திரும்பி வந்தார்கள். நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றேன். மணி அடிக்கவில்லை. ஒரு நாழிகை ஆயிற்று, இரண்டு நாழிகை ஆயிற்று, மணி அடிக்கவில்லை. மதில்மேல் ஏறிப் பார்த்தேன். பாலத்து நடுவில் வெள்ளைக் குதிரை நிற்கிறது. அதன்மேல் மடாதிபதி. இடது கடிவாளத்தை வால்நுவா கிராமத்துத் தலைவன் கொலார் பிடித்திருக்கிறான், பின்னால் அவன் ஆட்கள் நாற்பது பேர். வலது கடிவாளத்தை நம் மடத்துக் குதிரைலாயக்காரன் பிடித்திருக்கிறான், பின்னால் துறவிகள். இரண்டு பேரும் விடுவதாக இல்லை.

விஷயம் என்னவென்றால், எண்ணெய் சுமந்த குதிரை, மடாதிபதி முதலில் எந்த மண்ணில் கால் வைக்கிறாரோ அந்த மண்காரருக்குச் சொந்தம். பாதிப் பாலம் வால்நுவாக்காரருக்கு, மீதிப் பாதி மடத்துக்கு. நடுவில் ஒரு எல்லைக்கல் இருந்தது. அது போன வருஷ வெள்ளத்தில் ஆற்றோடு போய்விட்டது. இப்போது பாலத்தின் நடு எது என்று ஒருத்தருக்கும் தெரியாது.

"எறங்குங்க சாமி, இது எங்க மண்ணு!" என்கிறான் கொலார்.

"இது உங்க மண்ணுன்னா என் தலையில கொட்டிக்கடா! சாமி, எறங்காதீங்க, நாலு அடி வாங்க!" என்கிறான் லாயக்காரன்.

"நாலு அடி எடுத்து வச்சா பாலத்துலருந்து ஆத்துல தள்ளிருவோம். குதிரையை இல்ல, உன்னை."

நான் மதிலிலிருந்து கத்தினேன். "சாமி! குதிரை போனாப் போகுது, எறங்குங்க! இல்லன்னா பையையாவது யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்க! செவ்வாய்க்கிழமை என் மக கல்யாணம்!"

அவர் திரும்பி, "பையை வேற கையில குடுக்க மாட்டேன்னு சத்தியம், மகனே! பீடத்துல நான்தான் வைக்கணும்! குதிரையை விட்டா நாளைக்குப் பாலம் போகும், அப்புறம் ஆத்து மீன் போகும், அப்புறம் எண்ணெயே எங்களுதும்பான்!" என்று கத்தினார். ஒரு மூச்சு விட்டுவிட்டு, "ஐயோ என் முழங்காலு!" என்றார்.

வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. சனி போயிற்று. அத்தான், மனிதர் குதிரைமேலேயே இருக்கிறார். அங்கேயே கஞ்சி, அங்கேயே ஜெபம், அங்கேயே தூக்கம். குதிரையும் நின்றபடி தூங்கப் பழகினது, அதனால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை பனி கொட்டினபோது இரண்டு பக்கத்துக்காரரும் சேர்ந்து ஒரே கம்பளியை அவருக்குப் போர்த்திவிட்டு, மறுபடி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு திட்டத் தொடங்கினார்கள். பேராயருக்கு ஆள் அனுப்பினோம். அவர் விருந்தில் இருக்கிறார். ராஜாவுக்கு ஆள் அனுப்பினோம். ராஜா தூங்குகிறாராம், இந்தத் தடவை மூன்று தரம் தட்டியும் திறக்கவில்லை. இங்கே ஒடோ பாவம் அறை அறையாக ஓடுகிறார். "பிரபு, சாமியோட முழங்கால் எண்ணெய்க் குப்பியைக் கண்டீங்களா? பளிங்குக் குப்பி. அவரு தங்கச்சி குடுத்தது. எப்பவும் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கும். மூணு நாளாத் தேடறேன். அது இல்லாம மனுசன் கால் மரத்துக் கட்டையாயிட்டாரு" என்றார். நான் எந்தக் குப்பியைக் கண்டேன்? இல்லை என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஒரு காரியம் செய்தேன், அக்காவிடம் சொல்ல வேண்டாம். தவக்காலத்துக்கு மடத்தில் உப்பு மீன் இறக்குகிற வண்டிக்காரன் வந்தான். அவனிடம் என் இடுப்புக் கச்சையைக் கொடுத்து, காலிப் பீப்பாய்க்குள் ஏறி உட்கார்ந்தேன். காலி என்றுதான் சொன்னான். மூன்றில் ஒரு பங்கு மீன் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தேன், வண்டி வாசல்வரை வந்துவிட்டது. அந்த லாம்பேர் கடன்காரன் ஓடி வந்து ஒவ்வொரு பீப்பாயாகத் தட்டி, "கோத்தியே, உள்ள இருக்கீங்களா?" என்று கேட்கிறான். இருக்கிறேன் என்று சொல்வேனா? எனக்குத் தும்மல் வந்துவிட்டது. காலைப் பிடித்து இழுத்துப் போட்டு, "பிணை ஓடினா உம்ம தலை மட்டுமா போகும்? மூணு தலை சேந்து போகும்!" என்று அழுதான். அழுததுதான் கஷ்டமாகிவிட்டது, அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். இப்போது பகடை ஆடுகிற இருவரும் என்னிடமிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்து ஆடுகிறார்கள்.

அத்தான், சிரிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு. புதன்கிழமை நெத்தியில சாம்பல் பூசிட்டா அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது. சம்பந்தி முன்னாடியே சொல்லிட்டாரு, "சாம்பலுக்கு அப்புறம் பேச்சே இல்ல, நாங்க வேற இடம் பாத்துக்கறோம்"னு. பொண்ணோட அப்பன் கையைப் பிடிச்சுக் குடுக்காம கோயில் வாசல்ல கல்யாணம் நடக்காதுன்னும் சொல்லியிருக்காரு. நம்ம இசபோவுக்கு இது மூணாவது. முதல் மாப்பிள்ளை கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னாடி மடத்துல சேந்துட்டான். ரெண்டாவது மாப்பிள்ளை புனிதப் போருக்குப் போறேன்னு கொடி புடிச்சுட்டுக் கிளம்பி, பக்கத்து ஊரு ரொட்டிக்கடைக்காரி வீட்டைத் தாண்டல. ரெண்டு தடவையும் அந்தப் பிள்ளை அழல. கல்யாணப் பணியாரத்தை எடுத்து ஊருக்குப் பங்கு போட்டுக் குடுத்தா. நான் இங்க கிளம்பறப்ப குதிரைகிட்ட வந்து நின்னா. "அப்பா, அவங்க ரெண்டு பேரும் வராமப் போனாங்க, நான் அழல. நீங்க வராமப் போனா அழுவேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. நாலு நாளா எனக்கு இதேதான் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. ராஜா, எண்ணெய், பெருமை, எல்லாம் நாசமாப் போகட்டும்.

இந்தக் கடிதத்தை அதே மீன் வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்புகிறேன், செவ்வாய் காலையில் வந்துவிடும். அதனால் தாங்கள் செய்ய வேண்டியது. ராஜா என்னிடம் ஆலோசனை கேட்க நிறுத்தி வைத்திருக்கிறார் என்று சம்பந்தியிடம் சொல்லுங்கள். நம்ப மாட்டார், ஆனாலும் சொல்லுங்கள். மதுவைக் காலையிலேயே திறந்துவிடுங்கள். செவ்வாய் சாயங்கால மணி வரைக்கும் சாமியாரை எப்படியாவது பேச்சுக் கொடுத்து நிறுத்துங்கள், தங்கள் வாத்துக் குளத்தைப் பற்றிச் சொன்னால் போதும். அதற்குள்ளும் நான் வராவிட்டால் தாங்களே இசபோவின் கையைப் பிடித்துக் கொடுத்துவிடுங்கள். சம்பந்தி மறுத்தால் காலில் விழுங்கள். முழங்கால் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இசபோவிடம், அப்பா வரப் பார்த்தான், முடியவில்லை என்று சொல்லுங்கள். மீன் பீப்பாய் விஷயத்தை வேண்டுமானால் அவளிடம் மட்டும் சொல்லலாம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். தங்கள் குடும்பத்துக்குப் புனித எர்மோலின் ஆசியும், பன்றிகளுக்குக் கொழுப்பும், குளத்துக்குத் தண்ணீரும் குறைவில்லாமல் கிடைக்கட்டும். சம்பந்தி வீட்டாருக்கு என் மரியாதை, அவர்கள் ஏற்றுக்கொண்டால்.

இப்படிக்கு,
தங்கள் சொல் கேட்டுக் கெட்ட மைத்துனன்,
கோத்தியே

பின்குறிப்பு: திங்கட்கிழமை, பாதி வழியில், ஒரு சத்திரத்தில்.

மேலே எழுதினது ஒண்ணும் செல்லாது. நீங்க யார் காலிலயும் விழ வேண்டாம். தாள் வீணாகுமேன்னுதான் கிழிக்கல. நடந்ததைச் சொல்றேன், படிச்சதும் அடுப்புல போட்டுருங்க.

நேத்து கடிதத்தை முடிச்சேன். ஒட்ட மெழுகு வேணும். லாம்பேரைக் கேட்டா, "பிணையாளுக்கு மெழுகு எதுக்கு?"ங்கிறான். பெட்டிக்குள்ள மெழுகுவத்தித் துண்டு ஏதாவது கிடக்குமான்னு மூடியைத் தொறந்தேன். பழந்துணி, பூண்டு, கடுகு, வாத்துக் கொழுப்பு. துணிக்கு நடுவில பளிங்குக் குப்பி. தங்க மூடி. குட்டிப் புறா. இடது சிறகுல உடைசல்.

அத்தான், குப்பியைத் துணியோட சேத்துச் சட்டைக்குள்ள செருகிட்டேன். நாலு நாளா எந்த எண்ணெய் வரணும்னு தவம் கிடந்தேனோ, அதை மடியில வச்சு அதுக்கு மேலேயே அதைப் பத்திப் புலம்பியிருக்கேன். பெரியவர் அன்னைக்குக் காலைல உடுப்பு மாத்தறப்ப முழங்காலுக்குத் தேச்சிருக்காரு. வெளியே இவனுங்க கதவை இடிச்ச இடியில, தங்கச்சி குடுத்த குப்பியைப் பட்டுப் பையில போட்டுட்டு, வானத்துலருந்து வந்ததை மருந்துப் பெட்டியில வச்சுட்டாரு. அப்படின்னா ராஜாவுக்கு ஒம்பது இடத்துல பூசினது என்னன்னு நான் எழுத வேண்டியதில்ல. எரியாம என்ன செய்யும்?

கத்தலாம்னு வாயைத் தொறந்தேன், மூடிட்டேன். வெளியே சொன்னா சித்தப்பாவோட முன்னூறு குதிரை உள்ள வரும், சண்டை வரும், எரியற ஊருல நம்ம ஊரும் ஒண்ணா இருக்கும். சொல்லலன்னா இசபோ அழுவா. லாம்பேர் என்னையே பாத்துக்கிட்டிருந்தான். "வயித்து வலி"ன்னேன். மீனு நாத்தத்தோட வயித்து வலின்னா எவன் தடுப்பான்? பக்கத்துக் கதவு வழியா நேரா கோயிலுக்குள்ள போனேன். பீடத்துல குப்பியை வச்சேன். மணிக் கயித்தைப் பிடிச்சுத் தொங்கினேன்.

துறவிகள் ஓடி வந்தாங்க. பீடத்துல குப்பி. அதுக்கு மேல உத்தரத்துல புறா. அது எப்பவும் அங்கதான் இருக்கும், எச்சம் போட்டே பூசைத் துணியைக் கெடுக்கும். ஆனா நேத்து அதை எல்லாரும் புதுசாப் பாத்தாங்க. ஒடோதான் முதல்ல கத்தினாரு. "வந்திருச்சு! தானாப் பறந்து வந்திருச்சு! புறா கொண்டாந்திருச்சு!" கத்திக்கிட்டே பாலத்துக்கு ஓடினாரு, பின்னாடியே நாங்க.

மடாதிபதி பையைத் தொட்டுப் பாத்தாரு. உள்ள கனம் இருந்திருக்கு. பையோட வாயை லேசாத் தொறந்து மோந்து பாத்தாரு. பால் திரிஞ்ச மாதிரி அவர் முகம் திரிஞ்சதை நான் ஒருத்தன்தான் கவனிச்சேன். ஆனா மனுசன் லேசுப்பட்டவரில்ல. கை அங்கிக்குள்ள போச்சு, வந்துச்சு. பையைத் தலைகீழாக் கவுத்துக் காமிச்சாரு. காலி. "பறந்துருச்சு!"ன்னாரு. பாலத்து அந்தப் பக்கம் நாப்பது பேரு, இந்தப் பக்கம் துறவிங்க, எல்லாரும் தபதபன்னு முழங்கால் போட்டாங்க. கும்பிட ரெண்டு கையும் வேணுமில்ல? கொலாரும் கடிவாளத்தை விட்டான், லாயக்காரனும் விட்டான். நாலு நாளா நின்ன குதிரை தானா நடந்து வந்து மடத்து வாசல்ல லாம்பேரோட தொப்பியைத் தின்ன ஆரம்பிச்சிருச்சு. லாம்பேர் அதைக் கவனிக்கல. முழங்கால் போட்டு அழுதுக்கிட்டிருந்தான்.

பெரியவரை எறக்கிப் படியில உக்கார வச்சாங்க. எல்லாரையும் போகச் சொல்லிட்டு என்னைக் கூப்பிட்டாரு.

"மணி அடிச்சது யாரு?"

"நான்தான் சாமி."

"என் பெட்டி?"

"மேசையா வச்சிருந்தேன் சாமி."

ரெண்டு கையாலயும் முழங்காலைத் தேச்சுக்கிட்டாரு. நான் பொறுக்க மாட்டாம கேட்டேன். "சாமி, அப்ப அந்தப் பையன் ராஜாவா, இல்லையா?"

"சித்தப்பன் முழங்கால் போட்டானா?"

"போட்டாரு."

"ஊரு?"

"போட்டுச்சு சாமி."

"இருபது வருஷமா அந்த எண்ணெயால என் முழங்காலை மடக்க முடியல. அங்க ஒரு ஊரையே மடக்கியிருக்கு. இதுக்கு மேல என்னைக் கேக்காத"ன்னாரு. அங்கிக்குள்ளருந்து குப்பியை எடுத்து என் கையில வச்சு, "போற வழியில ஆழமாப் பாத்து ஆத்துல போடு"ன்னாரு. குதிரைக் கடிவாளத்தையும் எடுத்துக் குடுத்தாரு. "இதை வால்நுவாக்காரனுக்கும் குடுக்க முடியாது, வச்சுக்கவும் முடியாது, மறுபடி சண்டைக்கு வருவான். உன் மகளுக்கு மடத்துச் சீதனம். யாராவது ஏன்னு கேட்டா, நாத்தம் தாங்கல, சீக்கிரம் அனுப்பிட்டோம்னு சொல்லிக்கிறேன்"ன்னாரு.

ஆக, தூய எண்ணெய்ப் பிணையாள் வெள்ளைக் குதிரையில வர்றான்னு சம்பந்திகிட்ட சொல்லிக்கலாம், பொய்யில்ல. மீன்காரன்கிட்ட இதைக் குடுக்கல, நானே கொண்டு வர்றேன். கோயில் வாசல்ல கூட்டத்துல வாயால சொல்ல முடியாது, அதனால மடிச்சு உங்க கையில வைப்பேன். நீங்க இதைப் படிக்கிறப்ப நான் உங்க பக்கத்துல இசபோ கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டிருப்பேன். சிரிக்காதீங்க, அக்கா பாத்துருவா. படிச்சு முடிச்சதும் தலையை மட்டும் ஆட்டுங்க, கையைப் பிடிச்சுக் குடுத்துடறேன்.

குப்பியை ஆத்துல போட மனசு வரல. பாதிக்கு மேல இருக்கு. விருந்து முடிஞ்சதும் உங்க இடது முழங்காலுக்கு நானே தேச்சு விடறேன். எரியும். கத்தாதீங்க. பதினேழு வயசுப் பையன் ஊரு முன்னாடி ஒம்பது இடத்துல தாங்கியிருக்கான்.